டின்னருக்கு அப்புறம்

வட இங்கிலாந்தில், எங்கள் ஹெப்பிள்டனில் மால்கம் ஆம்லர் பெயரை எடுத்தால் போதும், கேட்பவர் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். வாழ்நாள் முழுக்கப் பூங்கா வேலை பார்த்த மனிதர். எத்தனை ஆயிரம் பூச்செடி நட்டிருப்பார், எத்தனை பிள்ளைகளை வாத்துக் குளத்திலிருந்து காலரைப் பிடித்துத் தூக்கியிருப்பார். அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? ஊருக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு கோடைகாலச் சனிக்கிழமை, ஒன்பது மணிக்குப் பூட்ட வேண்டிய ஹோல்ராய்ட் பூங்காவை ஏழரைக்கே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பூட்டினாரே, உள்ளே பார்த்தாரா? இல்லை. கீழ்க்கோடியில், ஆளுயர வேலிச்செடிக்குப் பின்னால், நான்கு கிழவர்கள் புல்தரையில் பவுல்ஸ் பந்தை உருட்டிக்கொண்டு தங்கள் உலகத்தில் இருந்தார்கள். மணி அடித்தது அவர்கள் காதில் விழவில்லை. இருட்டின பிறகு கேட்டுக்கு வந்தால் பூட்டு! கால்வாய்ப் பக்கத்து இரும்பு வேலியில் ஏறினார்கள். மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். நான்காவது ஆள், ஹெரால்ட் ஸ்டெட், கம்பியில் மாட்டிக்கொண்டார். வெள்ளைக் கால்சட்டை நடுவில் கிழிந்தது. அன்றைக்கென்று ஹெரால்ட் உள்ளே ஒன்றும் போட்டிருக்கவில்லை. அன்றைக்கென்று பாதிரியாரின் மனைவி கால்வாய்க் கரையில் நாயோடு வந்துகொண்டிருந்தார்.

அப்புறம் என்ன, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஹெரால்ட் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, கதை மட்டும் சாகவில்லை. மதுக்கடையில் ஓடும், பவுல்ஸ் கிளப்பில் ஓடும், முடிவெட்டும் கடையில் ஓடும். டீச்சர்மாரும் பாதிரியாரும் இருக்கும் இடத்தில் மட்டும் ஓடாது. கதையின் நடுவில் வரும் கால்சட்டைதான் காரணம்.

ஏன் அப்படிப் பூட்டினாய் என்று மேலதிகாரி கேட்டதற்கு, "தலைவலி சார்" என்றார் மால்கம். அம்மா கேட்டாலும் தலைவலி, பின்னால் மனைவி மாரீன் கேட்டபோதும் தலைவலி. அந்தத் தலைவலிக்கு ஒரு பெயர் இருந்தது. ஹிலரி பென்ஃபோல்ட்.

அப்போது மால்கமுக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். பூங்கா மதிலுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டதும் நேராகப் பூங்காத் தோட்டக் கொட்டகைக்குள் நுழைந்தார். அதற்குப் பிறகு வேறு வேலை தேடியதே இல்லை. தொட்டி கழுவினார், ரோஜாவுக்கு எரு போட்டார், பூக்கடிகாரத்துக்கு நாற்று நட்டார். ஒருநாள் கறுப்புத் தொப்பி, விசில், கைமணி எல்லாம் கொடுத்துக் காவலராக்கினார்கள். எங்களுக்கெல்லாம் அந்தத் தொப்பியைக் கண்டால் உதறல். பூங்காக் காவலருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பார்க்கி. அவர் தூரத்தில் இருக்கும்வரை "பார்க்கி! ஏய் பார்க்கி! தொப்பிக்குள்ள எலி இருக்கு!" என்று கத்துவோம். கிட்டே வந்தால் ஓட்டம்தான்.

அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பெண் புல்தரையில் குப்புறப் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். புல்லில் மிதிக்காதே என்று பலகை இருக்கிறது. இவள் மிதிக்கவில்லை, படுத்தே இருந்தாள். மால்கம் விசிலை ஊதினார். அவள் தலையைத் தூக்கி, "எனக்கா ஊதினீங்க? பறவைன்னு நினைச்சேன்" என்றாள். பேச்சைக் கேட்டதுமே தெற்கத்திக்காரி என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்து வைப்பது போன்ற பேச்சு. செப்டம்பரில் எங்கள் ஊர்ப் பள்ளியில் டீச்சராகச் சேர வந்தவள், மேல் கேட்டுக்கு எதிர் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தாள்.

"பலகைய படிக்கலையா, மிஸ்?"

"படிச்சேன். மிதிக்காதேன்னுதானே போட்டிருக்கு? படுக்காதேன்னு போடலையே."

மால்கம் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். அடுத்த நாளும் அவள் அதே இடத்தில் இருந்தாள். அவர் விசில் ஊதவில்லை. அதற்கு அடுத்த நாள் ரோஜாத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். அதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே கேட்டுவிட்டார்.

"நாளைக்குப் பகல்ல எனக்கு வேலை இல்ல. சாயங்காலம் வந்து மணியடிச்சுப் பூட்டணும், அவ்வளவுதான். டின்னருக்கு அப்புறம் பேண்டு மேடைகிட்ட இருப்பேன். வருவீங்களா?"

"வரேன்" என்றாள். யோசிக்காமல் சொன்னாள். அதுதான் மால்கமுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மில் சங்கு ஊதியது. அம்மா டின்னரை மேசையில் வைத்தாள். நான்கே வாயில் முடித்தார். அண்ணனின் டை, அப்பாவின் ஷூ பாலிஷ், பையில் ஒரு பொட்டலம் மிட்டாய். ஒரு மணிக்கெல்லாம் பூங்காவில் பேண்டு வாத்தியம் வாசிக்கும் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் வரவில்லை. வருவாள் என்று இருந்தார். கூட வேலை பார்த்த பையன்கள் சும்மா விடுவார்களா? "என்னடா, ராணி வர்றாங்களா? சிவப்புக் கம்பளம் எங்க?" என்று கிண்டல் அடித்துக்கொண்டு போனார்கள். டீ நேரமும் வந்தது. வீட்டில் அம்மா ரொட்டியும் மீனும் வைத்துக் காத்திருப்பாள். எழுந்திருக்க மனமில்லை. மிட்டாய் முழுவதையும் வாத்துக்குப் போட்டார். வாத்துகூட அதைத் தின்னவில்லை.

ஏழு மணிக்குத் தொப்பியை மாட்டினார். அவமானத்தில் காது எரிந்தது. டீச்சராம், படிச்சவளாம், வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கிறதுதான் படிப்பா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். ஏழரைக்கு மணியை எடுத்து, யாரையோ அடிப்பது போல அடித்தார். கீழ் கேட்டைப் பூட்டினார், மேல் கேட்டைப் பூட்டினார். எதிர்வீட்டு மாடி ஜன்னலைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அதற்கு அடுத்த வாரமே அவள் பள்ளிக்குப் பக்கத்தில் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். மால்கம் போய்க் கேட்கவில்லை. அவளும் வந்து கேட்கவில்லை. வேறு ஊராக இருந்தால் யாராவது நடுவில் புகுந்து, சண்டை போட்டு, அழுது, ஒரே நாளில் தீர்த்திருப்பார்கள். நாங்கள் அப்படி இல்லை. மனசில் கத்தி இறங்கியிருந்தாலும், "இன்னைக்குக் கொஞ்சம் வெயில் தெரியுது, இல்ல?" என்றுதான் பேசுவோம்.

மாரீன் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்தவள். உடைந்த மிட்டாய்களைப் பை நிறையக் கொண்டுவருவாள், அதைவிட நிறையச் சிரிப்பாள். மால்கம் அவளைக் கட்டிக்கொண்டார். நல்ல வாழ்க்கைதான், அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஹிலரி, பல் டாக்டர் ஜெஃப்ரி ஷாக்கிள்டனைக் கட்டிக்கொண்டாள். மால்கமின் இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்தது அந்த ஜெஃப்ரிதான். "ஒரே ஆள்கிட்ட எத்தனை தடவை தோக்கிறது?" என்று நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு அவர் நினைத்திருக்க வேண்டும்.

மகள் கேரன் ஹிலரியின் வகுப்பில்தான் படித்தாள். பெற்றோர் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, "கேரனுக்குப் பெருக்கல் கொஞ்சம் தகராறு, மிஸ்டர் ஆம்லர்" என்று அவள் சொல்ல, "அவ அம்மாவுக்கும் அப்படித்தான், மிஸஸ் ஷாக்கிள்டன்" என்று இவர் சொன்னார். வெளியே வந்ததும் மாரீன், "எனக்கு எப்படா பெருக்கல் தகராறு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

பிறகு பூங்காக்களுக்குக் கெட்ட காலம் வந்தது. காவலர்கள் வேண்டாம் என்று நகராட்சி முடிவு செய்தது. தொப்பி போயிற்று, விசில் போயிற்று. பூக்கடிகாரத்தில் புல் முளைத்தது. கேட்டைப் பூட்ட ஆள் இல்லாததால் பூட்டுவதையே விட்டுவிட்டார்கள். மால்கமை ஒரு வண்டியில் ஏற்றி ஊர் முழுக்கப் புல் வெட்ட அனுப்பினார்கள். கைமணியை மட்டும் அவர் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஆனால் ஊரைச் சுற்றி வேறொன்று நடந்தது. ரயில் நின்றுபோன பழைய பாதையில் முட்செடியும் பிர்ச் மரமும் வளர்ந்து, கறுப்பு நாவற்பழம் போன்ற பிளாக்பெரிக்காக ஜனங்கள் டப்பாவோடு போக ஆரம்பித்தார்கள். செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று, நாணல் வந்து, தேரையும் மீன்கொத்தியும் குடியேறின. நாங்கள் சின்ன வயதில் ஓட்டைக் குளியல் தொட்டியைப் படகாக்கி விட்ட அந்தச் செங்கல் குழிக்கு, இயற்கைக் காப்பிடம் என்று நகராட்சி பலகை வைத்தது. பலகை என்ன சொன்னாலும் எங்களுக்கு அது செங்கல் குழிதான். இன்றைக்கும் மண்ணைக் கிளறினால் சூளைக்காரன் முத்திரை குத்திய உடைந்த செங்கல் வரும்.

மாரீன் இறந்த பிறகு, வீட்டில் கெட்டிலோடு பேசிக்கொண்டிருந்த மால்கமை கேரன்தான் அந்தச் செங்கல் குழித் தொண்டர் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். வியாழக்கிழமைதோறும் மண்வெட்டி, கையுறை, டீ, பிஸ்கட். முதல் நாள் போனால், குனிந்து ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு நிற்கிறார் ஹிலரி ஷாக்கிள்டன். ஜெஃப்ரியும் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்திருந்தார்.

"குட் மார்னிங், மால்கம். காத்து கொஞ்சம் சில்லுன்னு இருக்கு, இல்ல?"

"ஆமா, மிஸஸ் ஷாக்கிள்டன். மத்தியானம் சரியாயிரும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ வியாழக்கிழமைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, காற்றையும் மழையையும் பற்றிப் பேசியே ஓட்டிவிட்டார்கள். ஹிலரி என்ற பெயரை மால்கம் வாய் திறந்து சொன்னதே இல்லை.

இந்த ஜூலையில் செய்தி வந்தது. ஹிலரி வீட்டை விற்றுவிட்டார். தெற்கே கடற்கரைப் பக்கம் மகள் வீட்டுக்கு சனிக்கிழமை கிளம்புகிறார். கடைசி வியாழக்கிழமை காலை மால்கம் முகம் மழித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "இன்னைக்குக் கேக்கலேன்னா இனி எப்பவும் இல்லடா." ஏன் வரவில்லை? ஒரே கேள்வி. பதில் எதுவானாலும் சரி, 'உன்னைப் பிடிக்கவில்லை' என்றாலும் சரி. தெரிந்துகொள்ளாமல் சாகக்கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பு.

கூட்டத்துக்குத் தலைவி பெவர்லி. பழைய பஸ் டிரைவர், குரலும் பஸ் ஹாரன்தான். பத்தரை மணி டீக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினாள்.

"ஹிலரி கண்ணு, அங்க போயி எங்கள மறந்துராதீங்க. தெக்க பிஸ்கட்டுகூட எண்ணித்தான் கொடுப்பாங்களாம்."

"நானே அங்கேருந்து வந்தவதானே, பெவர்லி."

"அது எந்தக் காலம்! அம்பது வருஷமா நம்ம மழையில ஊறியிருக்கீங்க. இன்னும் ஒரு அம்பது வருஷம் இருந்தா ஊர்க்காரின்னே ஒத்துக்குவோம்." எல்லோரும் சிரித்தார்கள். பெவர்லிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆமா, உங்களுக்கு ஹெரால்ட் ஸ்டெட் கதை தெரியுமா? டீச்சராச்சேன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போங்க. நம்ம மால்கம் இருக்காரே, ஒரு நாள்..."

டமார் என்று சத்தம். மால்கமின் முழங்கை பட்டு டப்பா கவிழ்ந்தது.

"ஐயய்யோ, போச்சு! கஸ்டர்ட் கிரீம் பிஸ்கட் பூரா சேத்துல! என்ன மனுஷன்யா நீ, உனக்குக் கை நடுங்குதா, கண்ணு தெரியலையா?"

"வயசாச்சுல்ல" என்று மால்கம் குனிந்து பொறுக்கினார்.

"சரி, அதோட விடு. டின்னருக்கு அப்புறம் கீழ்க் குளத்தங்கரை. மால்கம், ஹிலரி, நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் காசித்தும்பையப் பாருங்க."

டின்னருக்கு அப்புறம் என்றதும் ஹிலரி மெல்லச் சிரித்ததை மால்கம் கவனித்தார். ஏன் சிரிக்க வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை.

எங்கள் ஊர்க் குளங்களுக்கு இமயமலைக் காசித்தும்பை பிடித்த சனியன். எந்தத் துரையோ அழகுக்கென்று கொண்டுவந்து நட்டது. இன்று ஆளுயரம் வளர்ந்து மற்ற செடி எதையும் வாழவிடாது. காய் வெடிப்பதற்குள் பிடுங்கிப் போட வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு இரண்டு பேரும் கரையில் இறங்கினார்கள். பிடுங்கினார்கள், குவித்தார்கள். மால்கம் மூன்று தடவை தொண்டையைக் கனைத்தார்.

"மிஸஸ் ஷாக்கிள்டன்."

"என்ன, மால்கம்?"

"இந்த வருஷம் காசித்தும்பை ஜாஸ்தி."

"ஆமா. மழை ஜாஸ்தியாச்சே."

சே! அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஹிலரி ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். "பாருங்களேன், இவ்வளவு உசரத்துக்கு வேர் எத்தனூண்டு! தொட்டா வந்துடுது. தொடாம விட்டாத்தான் குளத்தையே முழுங்கிடும்."

மால்கம் கையுறையைக் கழற்றினார். "அன்னைக்கு ஏன் வரல?" என்று கேட்டுவிட்டார்.

எந்த நாள் என்று ஹிலரி திருப்பிக் கேட்கவில்லை. செடியைக் கீழே வைத்தார்.

"வந்தேனே" என்றார்.

"இல்ல. நான் ஒரு மணியிலிருந்து அங்கதான் உக்காந்திருந்தேன்."

"நான் எட்டு மணிக்கு வந்தேன், மால்கம். டின்னருக்கு அப்புறம்னு சொன்னீங்க. எங்க வீட்ல டின்னர்னா ராத்திரிச் சாப்பாடு. ஏழு மணிக்குச் சாப்பிட்டு, நீலக் கவுனைப் போட்டுக்கிட்டு வந்தேன்."

ஒரு சொல். அம்மா தினமும் பகல் பன்னிரண்டுக்கு மேசையில் வைத்த அந்த டின்னர். அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்று மால்கமுக்கு அப்போது யார் சொன்னார்கள்?

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே. பன்னண்டு மணிக்குப் பசங்கல்லாம் டின்னர், டின்னர்னு ஓடினாங்க. அப்பவே புரிஞ்சுடுச்சு. அன்னிக்கு ராத்திரி அழுதேன்."

"அப்புறம் ஏன் வந்து சொல்லல?"

ஹிலரி குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட் பூட்டியிருந்துதே. பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், ஆனா பூட்டு. பிடிச்சு ஆட்டினேன். உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வெட்கமில்லாம. உள்ளேருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுது. நாலஞ்சு ஆம்பளைங்க. வேணும்னே பூட்டிட்டு, உள்ளே சிநேகிதர்களோட நின்னு இந்தத் தெற்கத்திப் பொண்ணைப் பார்த்துச் சிரிக்கிறீங்கன்னு நினைச்சேன். சொல்லு புரிஞ்ச பிறகும் அந்தச் சிரிப்பு போகல, மால்கம். எப்படி வந்து கேப்பேன்?"

மால்கம் கரையிலிருந்த செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். அவள் வந்திருக்கிறாள். நீலக் கவுன் போட்டுக்கொண்டு வந்து, கேட்டைப் பிடித்து ஆட்டியிருக்கிறாள். ஒன்பது மணிவரை திறந்திருக்க வேண்டிய கேட். அரை மணி, வெறும் அரை மணி பொறுத்திருந்தால் தொப்பியும் மணியுமாக அவரே அங்கே நின்றிருப்பார். உண்மையை மறைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வழக்கமாகப் பூட்டும் நேரம், சிரித்தது வேறு யாரோ என்று சொன்னால் போதும், எல்லாப் பழியும் ஒரு சொல்லின் மேல் போகட்டும். சனிக்கிழமை அவள் போய்விடுவாள், முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் மறைந்துவிடும்.

"ஹிலரி" என்றார். முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னார். "பூட்டுற நேரம் ஒம்போது. அன்னைக்கு நான்தான் ஏழரைக்கே பூட்டிட்டேன். நீங்க ஏமாத்திட்டீங்கன்னு கோவம். நீங்க வந்தப்ப நான் வீட்ல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மீன் தின்னுக்கிட்டு இருந்தேன்."

ஹிலரி அவரையே பார்த்தார்.

"அப்போ சிரிச்சது யாரு?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஊர் முழுக்க நூறு தடவை சொல்லி, அவர் மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லாத கதை. மால்கம் சொன்னார். வேலிச்செடிக்குப் பின்னால் பவுல்ஸ் ஆடிய கிழவர்களைச் சொன்னார், மணி கேட்காததைச் சொன்னார், கால்வாய்ப் பக்கத்து வேலியைச் சொன்னார். கால்சட்டையில் வந்து நின்றார்.

"அப்புறம்?"

"கிழிஞ்சிருச்சு."

"கிழிஞ்சா என்ன?"

"உள்ள ஒண்ணும் போடல. பாதிரியார் சம்சாரம் எதுத்தாப்பல வந்துட்டாங்க."

ஹிலரி முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மால்கம் பதறி எழுந்தார். பார்த்தால் சிரிப்பு! சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது, பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி பறந்துபோயிற்று. "ஹெரால்டா? என்னைப் பார்த்து இல்லையா? பந்து விளையாடினாங்களா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகிவிட்டது. மால்கம் கைக்குட்டையை நீட்டினார். அதில் சேறு இருந்தது, ஹிலரி கவலைப்படவில்லை.

"எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஹிலரி."

"எனக்கும்தான்" என்றார் ஹிலரி. "ஆனா ஜெஃப்ரி நல்ல மனுஷர்."

"மாரீனும். தங்கமானவ."

"தெரியும். கடையில பாக்கிறப்பல்லாம் எனக்கு உடைஞ்ச மிட்டாய் கொடுப்பா." ஹிலரி கையுறையை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு நான் சும்மாதான் இருப்பேன். சாமான் எல்லாம் கட்டியாச்சு. பேண்டு மேடைகிட்ட வாங்களேன். டின்னருக்கு அப்புறம்."

எந்த டின்னர் என்று கேட்க மால்கமுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் பன்றி இறைச்சி சாண்ட்விச் ஒரு பொட்டலம் கட்டினார், கூடவே இன்னொன்றும். பிளாஸ்க்கில் டீ. குளிர் காற்றடித்தால் போட்டுக்கொள்ளக் கம்பளிச் சட்டை, மழைக்கு ஒரு கோட்டு. ஒரு மணிக்குப் போய் உட்காருவது, எட்டு மணி ஆனாலும் நகராமல் இருப்பது என்று முடிவு. கட்டியிருந்த டையை வாசலில் நின்று ஒரு தடவை இறுக்கிக்கொண்டார்.

மேல் கேட் வழியாக உள்ளே போனால், பேண்டு மேடைப் படியில் ஹிலரி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய பை. அதற்குள் இரண்டு பிளாஸ்க், போர்வை, தடிப்புத்தகம், குடை, பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு முழு அப்பம்.

"என்ன இது, மூட்டையோட? ரயில் இன்னைக்கா?"

"நீங்க எட்டு மணிக்கு வந்துட்டா என்ன பண்றது? அதுவரைக்கும் உக்காந்திருக்கணுமே."

மால்கம் தன் பையைத் திறந்து காட்டினார். ஹிலரி எட்டிப் பார்த்தார். தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

அன்று பகல் முழுக்க அங்கேயே இருந்தார்கள். சாண்ட்விச்சைத் தின்றார்கள், மாரீனைப் பற்றியும் ஜெஃப்ரியைப் பற்றியும் பேசினார்கள், கேரனின் பெருக்கலைப் பற்றிப் பேசினார்கள். வாத்துகள் வந்தன, போயின. பவுல்ஸ் தரை இருந்த இடத்தில் இப்போது முழங்காலளவு புல்லும் டெய்சிப் பூவும். அதில் படுத்து ஒரு பெண் போன் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் விசில் ஊதவில்லை. நகராட்சிக் கடிகாரம் எட்டு அடித்தபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, கடைசி அடிவரை கேட்டார்கள்.

"அந்தக் கைமணி எங்க?" என்று ஹிலரி கேட்டார்.

"வீட்ல. பின்கதவு காத்துல அடிச்சுச் சாத்திக்காம இருக்க, முட்டுக் கொடுத்து வச்சிருக்கேன்."

வெளிச்சம் மெல்ல இறங்கியது. ஒன்பது அடித்தது. ஹிலரி போர்வையை இழுத்து அவர் முழங்காலுக்கும் சேர்த்துப் போட்டார்.

"பூட்டுற நேரமாச்சு, மால்கம்."

"இப்பல்லாம் யாரும் பூட்டுறதில்ல, ஹிலரி."

"தெரியும்" என்றார் அவர். எழுந்திருக்கவில்லை.